எல்லை கடந்த ஐக்கியத்தால் உயர்ந்த கம்பளிக் கைத்தொழில்: அந்தீஸ் மலைக் கமக்காரர் தரும் பாடம்

முன்னுரை

யாழ்ப்பாணத்திலும் வெலிமடையிலும் நுவரெலியாவிலும் நம் கமக்காரர் நடுகின்ற உருளைக்கிழங்கின் தாய்நிலம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடராகும். பெரு, பொலிவியா ஆகிய இரு நாடுகளுக்கும் இடையே பரந்து கிடக்கும் தித்திகாக்கா ஏரியைச் சூழ்ந்த உயர்நிலங்களில் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கிழங்கைப் பயிராக்கினர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே சிறு நிலங்களில் கிழங்கும் தானியமும் விளைவித்து, இலாமா, அல்பாக்கா என்னும் கால்நடைகளையும் வளர்த்து வாழ்கின்றனர். உறைபனியாலும் வறட்சியாலும் பயிர் அழிவது அவர்களுக்குப் புதிதன்று.

அம்மக்களுக்கு உரிய மற்றொரு செல்வத்தைப் பற்றி இப்பிரசுரம் கூறுகின்றது. அது விக்குன்யா என்னும் காட்டு விலங்கின் உரோமம். முற்றாக அழிந்துவிடும் நிலையில் இருந்த அச்செல்வத்தை அயல் நாடுகள் ஒன்றுகூடிக் காத்து, அதைக் கொண்டு ஒரு கம்பளிக் கைத்தொழிலையும் உருவாக்கின. அவ்விலங்கை இலங்கையில் வளர்க்கலாம் என்று கூறுவது எமது நோக்கமன்று. பலருக்குப் பொதுவான ஒரு பொருளைக் காப்பது எவ்வாறு, அதன் பயனைப் பகிர்வது எவ்வாறு என்பவற்றை நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் இவ்வரலாற்றிலிருந்து அறிந்துகொள்ளல் வேண்டும் என்பதே எமது நோக்கமாகும்.

விலங்கும் அதன் உரோமமும்

விக்குன்யா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. எனினும் அதற்குத் திமில் இல்லை. மெலிந்த உடலும் நீண்ட கழுத்தும் பொன் கலந்த பழுப்பு நிறமும் உடையது. வளர்ந்த விலங்கு ஏறத்தாழ 35 முதல் 50 கிலோகிராம் வரை நிறையுடையது. கடல்மட்டத்திலிருந்து 3,000 மீற்றருக்கு மேற்பட்ட புல்வெளிகளில் சிறு கூட்டங்களாக மேயும். வீட்டு விலங்காகிய அல்பாக்காவின் காட்டு மூதாதை இதுவே.

அக்குளிர் நிலத்தில் உயிர் வாழ்வதற்கென இயற்கை இதற்கு மிக நுண்ணிய உரோமத்தை அளித்துள்ளது. உரோமத்தின் பருமனை மைக்ரோன் என்னும் அளவால் அளப்பர். ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோனாகும். மெல்லிய ஆடைகளுக்குப் பயன்படும் மெரினோச் செம்மறியின் உரோமம் சுமார் 18 முதல் 20 மைக்ரோன் பருமனுடையது. விக்குன்யாவின் உரோமமோ சுமார் 12 முதல் 13 மைக்ரோன் மாத்திரமே. ஆதலின் உலகின் மிக விலையுயர்ந்த கம்பளித் துணிகளுள் ஒன்று இதிலிருந்து நெய்யப்படுகின்றது.

ஆயினும் கிடைக்கும் அளவு மிகச் சிறிது. நல்ல மெரினோச் செம்மறி ஆண்டொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து கிலோகிராம் உரோமம் தரும். விக்குன்யாவிலிருந்து ஒரு முறைக்கு ஏறத்தாழ 200 கிராம் மாத்திரமே கிடைக்கும். உரோமம் மீண்டும் போதிய நீளம் வளர்வதற்கு இரண்டு ஆண்டுகளேனும் செல்லும். எனவே ஒரு கிலோகிராம் உரோமம் சேர்ப்பதற்கு ஐந்து விலங்குகள் வேண்டும். சிறிதளவே கிடைப்பது, விலையோ மிக அதிகம். இவ்விரண்டும் சேர்ந்தே அவ்விலங்குக்கு யமனாயின.

செல்வம் அழிந்த வரலாறு

இன்கா அரசர் காலத்தில் விக்குன்யாவைக் கொல்லுதல் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருந்திரளான மக்கள் கூடி மலைச்சரிவுகளை வளைத்து விலங்குகளைப் பிடித்து, உரோமத்தைக் கத்தரித்த பின் பெரும்பாலானவற்றை மீள விட்டனர். இவ்வழக்கத்துக்குச் 'சக்கு' என்று பெயர். நுண்ணிய உரோமம் அரச குடும்பத்தின் ஆடைகளுக்கு உரியதாயிற்று.

பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாட்டைக் கைப்பற்றியபின் இவ்வொழுங்கு குலைந்தது. துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர் விலங்கைப் பிடித்துக் கத்தரிக்கும் தொல்லையை விரும்பவில்லை. கொன்று தோலை உரித்தனர். இரண்டாண்டுக்கு ஒருமுறை பயன்தரக்கூடிய விலங்கு ஒரே நாளில் முடிந்தது. விதை நெல்லை உணவாக்குவோன் செயலுக்கு ஒப்பானது இது.

1825ஆம் ஆண்டில் விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவார், விக்குன்யாவைக் கொல்லலாகாது எனப் பெரு நாட்டில் ஆணை பிறப்பித்தார். எனினும் கொலை நிற்கவில்லை. அதன் பின் இயற்றப்பட்ட சட்டங்களும் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றன. 1960ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், முன்னர் இலட்சக்கணக்கில் மேய்ந்த விலங்குகளுள் ஏறத்தாழப் பத்தாயிரமோ அதனிலும் குறைவோ எஞ்சியிருந்தன என்று மதிப்பிடப்பட்டது.

சட்டம் தோற்றதன் காரணங்கள்

சட்டம் இருந்தும் அது பயன்படாமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. இவற்றை வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

முதலாவது காரணம் எல்லை. விக்குன்யா நாட்டு எல்லையை அறியாது. புல் உள்ள இடத்தில் மேயும். வேட்டைக்காரனும் வணிகனும் எல்லையை நன்கு அறிவர். ஒரு நாட்டில் கொன்ற விலங்கின் தோலை மறு நாட்டுக்குக் கடத்தி, அங்கே முறையாகப் பெற்ற பொருள் எனக் கூறி விற்றனர். ஒரு நாடு கதவடைத்தால் அடுத்த நாட்டின் கதவு திறந்திருந்தது. ஒருவர் வரம்பைக் கட்ட அயலவர் வரம்பை வெட்டிவிட்டால் வயலில் நீர் நிற்குமா?

இரண்டாவது காரணம் பயன். விக்குன்யா மேய்ந்தது மலைக்கிராம மக்களின் புல்நிலத்திலேயாகும். அவர்களுடைய செம்மறியும் அல்பாக்காவும் தின்னவேண்டிய புல்லையே அது தின்றது. அதைக் காத்தவனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை; கொன்றவனுக்குத் தோலின் விலை கிடைத்தது. நட்டம் மாத்திரமே தருகின்ற விலங்கை ஏழைக் குடியானவன் எக்காரணத்தால் காப்பான்?

அயல் நாடுகளின் உடன்படிக்கைகள்

மாற்றம் ஒரு கிராமத்தின் நிலத்தில் தொடங்கிற்று. பெரு நாட்டின் அயகுச்சோப் பகுதியிலுள்ள லுக்கானாஸ் என்னும் சமூகத்தின் நிலத்திலே 1967ஆம் ஆண்டில் பம்பா கலேராஸ் என்னும் ஒதுக்கிடம் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 6,500 ஹெக்டயர். காவலர் நியமிக்கப்பட்டனர், விலங்குகள் பெருகத் தொடங்கின.

1969ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் பொலிவியாவும் பெருவும் லா பாஸ் நகரிலே ஓர் உடன்படிக்கை செய்தன. பத்து ஆண்டுகளுக்கு வேட்டையையும் விக்குன்யாப் பொருள் வணிகத்தையும் நிறுத்துவதென இரு நாடுகளும் இணங்கின. ஆர்ஜெந்தீனாவும் சிலியும் பின்னர் இதிற் சேர்ந்தன. இவ்வாறு நான்கு நாடுகளின் கதவுகளும் ஒருங்கே அடைக்கப்பட்டன. 1975ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையும் விக்குன்யா வணிகத்தைத் தடைசெய்தது. வாங்குவோர் நாடுகளிலும் வழி அடைபட்டது.

பத்து ஆண்டுகள் கழிந்தபின், 1979ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில், லீமா நகரிலே புதிய உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. பொலிவியா, சிலி, எக்குவடோர், பெரு ஆகியன ஒப்பமிட்டன. ஆர்ஜெந்தீனா பின்னர் இணைந்தது. முன்னைய உடன்படிக்கை காத்தலை மாத்திரம் கூறிற்று. புதிய உடன்படிக்கையோ, விக்குன்யாவைக் காப்பது அந்தீஸ் மக்களின் வருவாய்க்கு ஒரு வழி என்றும், அதன் பயன் அம்மக்களைச் சேரவேண்டும் என்றும் வெளிப்படையாக உரைத்தது. காவல், பயன் என்னும் இரண்டும் ஒரே ஏட்டில் இடம்பெற்றன.

இனவிருத்திக்குரிய விலங்குகளையும் விந்தையும் உறுப்பு நாடுகளுக்கு அப்பால் அனுப்பலாகாது எனவும் அதில் விதிக்கப்பட்டது. ஆயினும் உறுப்பு நாடுகள் தம்முள் ஆராய்ச்சிக்கும் மீள்குடியேற்றத்துக்கும் விலங்குகளைப் பகிரலாம். இதன் பயனை எக்குவடோர் நாடு பெற்றது. அங்கே விக்குன்யா முற்றாக மறைந்திருந்தது. 1988ஆம் ஆண்டு தொடக்கம் அயல் நாடுகள் கொடுத்த விலங்குகள் சிம்போராசோ மலைச்சாரலில் விடப்பட்டன. இன்று அவை பல ஆயிரமாகப் பெருகியுள்ளன.

காவல் செய்தவனுக்குப் பயன்

விலங்குகள் பெருகியபின் வணிகத்தின் கதவு சிறிது சிறிதாகத் திறக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டில், பெரு, சிலி ஆகிய நாடுகளின் சில கூட்டங்களிலிருந்து உயிருடன் கத்தரிக்கப்பட்ட உரோமத்தால் நெய்த துணியை மாத்திரம் விற்கச் சர்வதேச அனுமதி கிடைத்தது. 1994ஆம் ஆண்டில் அவ்வனுமதி பெரு நாடு முழுவதற்கும் விரிந்தது; நெய்யாத உரோமத்தை விற்கவும் இடமளிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கா தன் தடையைத் தளர்த்தியது.

இதனிடையே பெரு நாடு 1990ஆம் ஆண்டுகளில் இயற்றிய சட்டங்களால், தத்தம் நிலத்தில் மேயும் விக்குன்யாக்களின் உரோமத்தைப் பயன்படுத்தும் உரிமையைக் குடியானவர் சமூகங்களுக்கு வழங்கியது. பொலிவியாவும் தன் மலைச் சமூகங்களுக்கு இத்தகைய பயனுரிமையை அளித்தது. அன்று முதல் உயிருள்ள விலங்கு கிராமத்தின் சொத்தாயிற்று. களவு வேட்டைக்காரனைக் காணும் மேய்ப்பன், தன் பொருளைக் களவாட வந்தவனாகவே அவனைக் கருதினான். கிராமங்கள் தாமே காவற்குழுக்களை அமைத்தன.

இதன் விளைவை எண்ணிக்கை காட்டும். 1980ஆம் ஆண்டுகளின் உள்நாட்டுப் போரிலே அயகுச்சோப் பகுதியின் காவல் குலைந்து விலங்குகள் பல கொல்லப்பட்டன. அவ்விடர்க்குப் பின் 1994இல் எடுத்த கணக்கெடுப்பில் பெரு நாட்டில் ஏறத்தாழ 66,000 விக்குன்யாக்கள் இருந்தன. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அத்தொகை 2,08,000 ஆயிற்று. ஐந்து நாடுகளிலும் சேர்த்து இன்று நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்டவை உள்ளன என மதிப்பிடப்படுகின்றது.

உரோமம் எடுக்கும் முறை

இன்கா காலத்துச் 'சக்கு' இன்று மீண்டும் நடைபெறுகின்றது. லுக்கானாஸ் சமூகத்தில் ஆண்டுதோறும் யூன் மாதம் 24ஆந் தேதி அது பெருவிழாவாக நிகழ்கின்றது. வேலை நடைபெறும் ஒழுங்கு பின்வருமாறு:

1. கிராமத்தார் ஆண் பெண் வேறுபாடின்றிக் கூடி, வண்ணத் துணித்துண்டுகள் கட்டிய நீண்ட கயிற்றைப் பிடித்து வரிசையாக நிற்பர்.

2. அவ்வரிசை மெதுவாக முன்னேறி விலங்குகளைப் புனல் வடிவான வேலிக்குள் செலுத்தும். அதன் ஒடுங்கிய முனையில் ஒரு பட்டி இருக்கும். இடையில் ஒருவர் கயிற்றை நழுவவிட்டாலும் கூட்டம் முழுவதும் அவ்வழியே தப்பிவிடும்.

3. பட்டியினுள் விலங்குகளின் வயதும் உடல்நிலையும் நோயும் நோக்கப்படும். குட்டிகளும், முந்திய ஆண்டிற் கத்தரித்தமையால் உரோமம் வளராதவையும் விலக்கப்படும்.

4. தகுந்தவற்றைக் கண்ணை மூடி அமைதிப்படுத்தி, மின்கத்தரியால் சில நிமிடங்களில் உரோமத்தை எடுத்து, அன்றே காட்டில் விடுவர்.

நம் நாட்டில் குளக்கட்டைத் திருத்தக் கூடும் சிரமதானத்தை ஒத்தது இவ்வேலை. தனி ஒருவர் எத்துணைச் செல்வராயினும் இதைத் தனித்துச் செய்தல் அரிது.

தரம் பிரித்தலும் குறியிடலும்

கத்தரித்த உரோமத்தில் நுண்ணிய உரோமத்துடன் தடித்த மயிரும் தூசியும் கலந்திருக்கும். அவ்வாறே விற்றால் விலை குறையும். கிராமத்துப் பெண்கள் தடித்த மயிரைக் கையாற் பொறுக்கி நீக்கும் வேலையைக் கற்றுள்ளனர். மிக்க பொறுமை வேண்டும் வேலை அது. எனினும் தூய்மைப்படுத்திய உரோமத்துக்குக் கூடிய விலை கிடைப்பதால், அக்கூலி நகரத்துக்குச் செல்லாது கிராமத்திலேயே தங்குகின்றது.

கள்ளப்பொருளும் நல்ல பொருளும் கலவாதிருக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு சக்கு நிகழ்வுக்கும் அரசாங்க உத்தியோகத்தரின் மேற்பார்வையும் பதிவும் உண்டு. நெய்யப்படும் துணியின் கரையிலே விக்குன்யா என்ற சொல்லும் பிறப்பிட நாட்டின் பெயரும் பொறிக்கப்படல் வேண்டும் என்பது பொது விதி. அக்குறி, இவ்வுரோமம் உயிருள்ள விலங்கிலிருந்து முறைப்படி எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று. நாடுகள் தனித்தனியே விற்பினும் குறியின் மதிப்பு அனைவர்க்கும் பொது. ஒரு நாட்டில் மோசடி நிகழ்ந்தால் மற்ற நாடுகளின் பொருளும் ஐயத்துக்கு உள்ளாகும். ஆதலின் ஒருவர் நேர்மையை மற்றவர் காக்கவேண்டியுள்ளது.

இன்னும் தீராத குறைகள்

நன்மையை மாத்திரம் கூறிக் குறைகளை மறைத்தல் முறையன்று.

முதலாவது, விலையின் பங்கீடு. சமூகங்கள் உரோமத்துக்குக் கிலோகிராம் ஒன்றுக்குச் சில நூறு டொலர் அளவிலேயே பெற்றுவந்துள்ளன. அதிலிருந்து தைத்த ஒரு மேலங்கி ஐரோப்பியக் கடைகளில் பல ஆயிரம் டொலருக்கு விற்கப்படுகின்றது. நூற்றல், நெய்தல், தைத்தல் யாவும் பெரும்பாலும் பிற நாட்டு ஆலைகளிலேயே நடைபெறுகின்றன. வாங்கும் ஆலைகளோ மிகச் சில. வாங்குவோர் சிலராகவும் விற்போர் பலராகவும் உள்ள சந்தையில் விலையை வாங்குவோரே தீர்மானிப்பர். காவலில் ஐக்கியப்பட்ட நாடுகளும் சமூகங்களும் விற்பனையில் அத்துணை ஐக்கியப்படவில்லை. இதுவே அக்கைத்தொழிலின் பெருங்குறை. வருவாய் குறையும் இடத்தில் கிராமத்தின் காவலும் தளரும் என்பதால், இக்குறை நீங்காவிடின் இதுகாறும் பெற்ற வெற்றிக்கே இடர் உண்டாகும்.

இரண்டாவது, களவு வேட்டை. ஆளில்லாத எல்லைப் புறங்களில் அது இன்றும் நிகழ்கின்றது. காவலிற் கொல்லப்பட்ட கிராமத்தவரும் உளர்.

மூன்றாவது, நோய். சிற்றுண்ணிகளால் உண்டாகும் சொறி நோய் பல இடங்களில் விக்குன்யாக்களைத் தாக்குகின்றது. ஆர்ஜெந்தீனாவின் சான் கில்லெர்மோப் பூங்காவில் 2014ஆம் ஆண்டுக்குப் பின் இந்நோயால் பெருந்தொகையானவை மடிந்தன. நோயும் எல்லையை அறியாது. அதற்கும் கூட்டு முயற்சி வேண்டும்.

நான்காவது, மேய்ச்சல் நிலம். விலங்கு பெருகப் பெருகப் புல்லுக்குப் போட்டி எழுகின்றது. உரோம வருவாய் கிட்டாத இடங்களில் மேய்ப்பர் மீண்டும் விக்குன்யாவைத் தொல்லையாகக் கருதுகின்றனர்.

நமது கமக்காரர் கொள்ளத்தக்கவை

நம் கமக்காரருக்கும் பொதுச் சொத்துக்கள் உண்டு. குளத்து நீர், வாய்க்கால், மேய்ச்சல் தரை, விதையின் தூய்மை, நம் விளைபொருளின் நற்பெயர் என்பன ஒருவருக்கே உரியனவல்ல. தத்தி, படைப்புழு முதலிய பீடைகளும் ஒருவர் வரம்போடு நிற்பனவல்ல. ஆகவே கீழ்வருவனவற்றை மனத்திற் கொள்க.

1. பொதுப் பொருளை ஒருவர் காத்து அயலவர் கைவிட்டால் காவல் வீணாகும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எடுத்த முடிவை எல்லோரும் ஒருங்கே கைக்கொள்க. விதைப்புக் காலத்தில் ஒருவர் முந்தியும் ஒருவர் பிந்தியும் விதைத்தால் பீடைக்கு இடைவிடாது உணவு கிடைக்கும்.

2. காவலின் சுமையைத் தாங்குபவருக்குப் பயனிலும் பங்கு கொடுங்கள். வாய்க்காலின் கடைமடையில் உள்ளவருக்கு நீர் கிடைக்காவிடின், வாய்க்கால் துப்புரவு செய்ய அவர் வாரார்.

3. இன்று முழுவதையும் பெற விரும்பி நாளைய விளைவை அழிக்காதீர்கள். விதைக்கென ஒதுக்கியதை விதைக்கே வையுங்கள்.

4. விற்பதற்கு முன் தரம் பிரியுங்கள். அழுகிய கிழங்கும் நல்ல கிழங்கும் ஒரே மூட்டையில் இருந்தால், வியாபாரி மூட்டை முழுவதற்கும் அழுகியதன் விலையையே கூறுவான்.

5. விளைவிப்பதில் மாத்திரமன்றி விற்பதிலும் ஐக்கியப்படுங்கள். அந்தீஸ் மக்கள் தவறிய இடம் இதுவே. பத்துப் பேர் தனித்தனியே சந்தைக்குச் சென்றால் ஒருவர்க்கொருவர் போட்டியாவர். சங்கமாகச் சென்றால் விலை பேசும் வலிமை பெறுவர்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நமது கிராமத்தில் எல்லோருக்கும் பொதுவான பொருள்கள் யாவை? அவற்றுள் இப்பொழுது குறைந்து வருவது எது?

2. அதைக் காப்பதற்கு அயற்கிராமத்தாரின் இணக்கம் வேண்டுமா? அவர்களுடன் பேசுவதற்கு யாரை அனுப்பலாம்?

3. காவலின் சுமை யாரைச் சேர்கின்றது? பயன் யாரைச் சேர்கின்றது?

4. நமது விளைபொருளை விற்பனைக்கு முன் தரம் பிரிப்பதால் எவ்வளவு கூடுதல் விலை பெறலாம்? அவ்வேலையை நம் கிராமத்திலேயே செய்ய இயலுமா?

இவ்வினாக்களுக்கு விடை காண ஒரு மாலைப் பொழுது போதும். அடுத்த போகம் தொடங்குமுன் சங்கத்தைக் கூட்டி, இவற்றுள் ஒன்றையேனும் முடிவு செய்து செயலில் இறங்குவீர்களாக.